செபாஸ்டினின் நாக்கு

தூத்துக்குடியில் மெக்கானிக் செபாஸ்டினைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல ஆள் கிடைப்பது கஷ்டம். குடிப்பான். பாதிரியாரையே எதிர்த்துப் பேசுவான். வண்டியைக் கொண்டுவந்தவனிடம் முதலில் உனக்கு ஓட்டத் தெரியாது என்பான். ஆனாலும் வண்டி படுத்துவிட்டால் எல்லோரும் கடற்கரையோரம் அவன் போட்டிருந்த ஓலைக் கொட்டகைக்குத்தான் போனார்கள்.

இளவயதில் ஒரு பருவம் முத்துக்குளிக்கப் போய், இடது காதைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு வந்தவன் அவன். அப்புறம் துறைமுகத்தில் நீராவிப் படகுக்குக் கரி தள்ளி, எஞ்சின் வேலை கற்றுக்கொண்டான். காது பாதி என்பதால் சத்தத்தை நம்புவதில்லை. காலால் மிதித்துப் பார்ப்பான், விரலால் தடவிப் பார்ப்பான், எந்த எண்ணெயானாலும் நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்ப்பான். அவன் படித்த படிப்பு அவ்வளவுதான்.

1944 சித்திரையில் நான் சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சியின் கருப்பட்டி மண்டியில் குமாஸ்தா. அண்ணாச்சி மதுவிலக்குச் சங்கத் தலைவர். கள்ளுக்கடை இருக்கிற தெரு வழியாகப் போகமாட்டார். சுற்றி வளைத்து வேர்க்க விறுவிறுக்க வந்து, அதையும் எங்களிடம் அரைமணி நேரம் சொல்வார். அவருடைய காரை ஓட்டியவர் மாசானம். ஆற்றங்கரைப் பக்கத்து விவசாயக் குடும்பம். பீடி கூடக் குடிக்காத மனுஷன்.

ஒரு நாள் காலை அந்தக் கார் மண்டி வாசலில் நிற்காமல், அடுக்கியிருந்த கருப்பட்டிச் சிப்பங்களில் போய் முட்டியது. ஆளுக்குச் சேதமில்லை. பிரேக் மிதி தரையோடு போய்விட்டது என்று மாசானம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அண்ணாச்சி கதவைத் திறந்து குனிந்தார். டிரைவர் காலடியில் கள்ளு நாற்றம்.

"குடிகாரப் பயலுக்கு என் மண்டியில இடமில்ல."

பஜாரே கூடி நிற்கையில் சொன்னார். மாசானம் ஊதிக் காட்டுகிறேன் என்றார். ஒருத்தரும் மூக்கைக் கொடுக்கவில்லை. மூன்றே நாளில் சேதி ஆத்தூருக்குப் போய்விட்டது. அங்கே வெற்றிலைக் கொடிக்கால்காரர் வெள்ளத்துரையின் மகனுக்குத்தான் மாசானத்தின் மகள் செண்பகத்தைப் பேசி முடித்திருந்தது. குடிகாரன் வீட்டில் சம்பந்தம் வேண்டாம் என்று வெள்ளத்துரை சொல்லியனுப்பினார். மாசானம் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று கேள்விப்பட்டேன். எனக்குச் சோறு இறங்கவில்லை. காரணம் எனக்குத்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதே ஆத்தூரில் அண்ணாச்சிக்கு மதுவிலக்குக் கூட்டம். காலையில் சுமைக்காரர்களை விட்டுக் காரை செபாஸ்டின் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். அவசரப்படுத்த அண்ணாச்சி ஜட்காவில் வந்தார். மாசானம் கூப்பிடாமலே பின்னால் நடந்து வந்து ஓரமாக நின்றார்.

செபாஸ்டின் மிதியில் காலை வைத்தான். உப்பளச் சேற்றில் இறங்குவதுபோல் அது மெதுவாக இறங்கித் தரையைத் தொட்டது. மளமளவென்று நாலு தடவை அடித்தான், கொஞ்சம் மேலே வந்தது. அழுத்திப் பிடித்தான், மறுபடி இறங்கியது. நாலு சக்கரத்தையும் உட்பக்கம் தடவிப் பார்த்தான். ஒன்றிலும் கசிவில்லை. சக்கரத்தில் ஒழுகவில்லையென்றால் கோளாறு மாஸ்டர் சிலிண்டரில்தான் என்று சொல்லிவிட்டு, டிரைவர் காலடிப் பலகையைக் கழற்றினான். சிலிண்டர் அதற்கு அடியில் இருந்தது. மூடியின் துவாரம் வழியாக நுரை பொங்கி வழிந்திருந்தது. மூடியைத் திறந்து விரலை விட்டு நாக்கில் வைத்தான். கண்ணை மூடினான். இன்னொரு தடவையும் வைத்தான்.

"அண்ணாச்சி, குடிச்சது மாசானமில்ல. ஒங்க காரு."

விஷயம் இதுதான். யுத்த காலம், பிரேக் ஆயில் கிடைக்கவில்லை. விளக்கெண்ணெயும் ஸ்பிரிட்டும் பாதிப்பாதி கலந்து ஊற்றச் சொல்லியிருந்தான் செபாஸ்டின். ஸ்பிரிட் என்றால் சாராயத்துக்கு அண்ணன், தன் வண்டியில் அது ஏறாது என்றார் அண்ணாச்சி. அதற்குப் பதில் தண்ணீர் கலந்தால் துருப்பிடிக்கும். பனங்காட்டில் பிறந்த மனுஷருக்குப் பதநீரைவிட யோக்கியமான திரவம் உலகத்தில் உண்டா? விளக்கெண்ணெயில் அதைக் கலக்கச் சொன்னார். சித்திரை வெயிலில் அது உள்ளேயே புளித்துப் பொங்கிவிட்டது. அடியில் தங்கிய சுண்ணாம்பு ரப்பர் வாஷரை அரித்துவிட்டது.

"சுண்ணாம்பு போட்ட பதநீர்தானே, கெடாதுன்னு நெனச்சேன்," என்றார் அண்ணாச்சி மெல்ல. பிறகு மாசானத்தைப் பார்க்காமலே, நாளையிலிருந்து வேலைக்கு வரச் சொன்னார்.

"பஜார்ல வச்சுச் சொன்னீக. கொட்டகைக்குள்ள வச்சுத் திருப்பி எடுத்துக்கிடுதீகளே," என்றார் மாசானம். அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்த்தார்.

செபாஸ்டின் குழாய் முழுவதையும் ஸ்பிரிட்டால் கழுவினான். சிலிண்டரைத் தேய்த்து, உடைந்து கிடந்த ஒரு லாரியிலிருந்து வாஷர் எடுத்துப் போட்டான். ஸ்பிரிட்டும் விளக்கெண்ணெயும் கலந்து ஊற்றும்போது அண்ணாச்சி முருகா என்று கண்ணை மூடிக்கொண்டார். மாசானம் மிதிக்க மிதிக்க, சக்கரம் சக்கரமாகக் காற்றை வெளியேற்றினான். கடைசியில் மிதி கல்லாக நின்றது. வழியில் பிரேக்கைப் பார்க்கவேண்டும் என்று தானும் ஏறிக்கொண்டான். மாசானம் ஓட்ட, நானும் கூடப் போனேன்.

ஆத்தூரில் நல்ல கூட்டம். முன்வரிசையில் வெள்ளத்துரை இருந்தார். மாசானம் காரைவிட்டு இறங்கவே இல்லை. அண்ணாச்சிக்கு வியாபாரப் புத்தி. எதையும் வீணாக்கமாட்டார். காருக்குள் கள் போனதையே எடுத்துப் பேசினார். இரும்பே குடித்தால் நிலையில் நிற்கமாட்டேன் என்கிறது, மனுஷன் எம்மாத்திரம் என்றார். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போயிற்று. மாசானத்தின் பேரை மட்டும் எடுக்கவில்லை.

தட்டி ஓய்ந்ததும் பின்னாலிருந்து செபாஸ்டின் கேட்டான்.

"காருக்கு ஊத்திக் குடுத்தது யாரு அண்ணாச்சி?"

சிலர் சிரித்தார்கள். அண்ணாச்சி சிரிக்கவில்லை. சோடாவைக் குடித்தார். துண்டால் வாயைத் துடைத்தார்.

"நாந்தான். என் டிரைவர் மாசானம் குடிக்கல. அவன்மேல நான் வீண்பழி போட்டுட்டேன்."

வெள்ளத்துரை எழுந்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே காருக்குப் போனார். கதவைத் திறந்து மாசானத்தின் கையைப் பிடித்து, இறங்கும், வீட்டில் வந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்றார். மாசானம் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதார்.

அண்ணாச்சி சொல்லச் சொல்ல, மாசானம் இல்லாத நேரத்தில் பதநீரைக் கலந்து ஊற்றிய கை என்னுடையது. கள்ளு நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று முதல் நாளே தெரிந்து, வேலைக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். எல்லோரும் மறுபடி கை தட்டினார்கள், நானும் தட்டினேன்.