துப்பச் சொன்ன வைன்

குடிக்கிற சாமானை வாயில் எடுத்துவிட்டு ஏன் துப்புகிறார்கள் என்ற கேள்வி எட்டு வயதில் எனக்கு வந்தது. அது வருவதற்குப் பலெர்மோவுக்கு வெளியே ஒரு திராட்சைத் தோட்டம் வரைக்கும் போகவேண்டியிருந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அம்மா லிபெர்த்தா தெருவில், நாங்கள் சிஞ்ஞோரா என்று கூப்பிடும் பெண்மணியின் வீட்டில் அவருடைய வயதான தாயைப் பராமரித்துக்கொண்டிருந்தார். சிஞ்ஞோராவின் தம்பிக்குத்தான் அந்தத் தோட்டம். புது வைனைச் சுவை பார்க்கும் ஞாயிற்றுக்கிழமைக்கு அம்மா, அப்பா, நான் என எங்கள் மூவரையும் சிஞ்ஞோரா அழைத்தார். வேலைக்கு இல்லை, விருந்தாளிகளாக என்று அழுத்திச் சொன்னார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அம்மாவின் முகம் மட்டும் சரியாக இல்லை.

காரணம் எனக்கும் தெரிந்ததுதான். குடியை விடுகிறேன் என்று அப்பா அந்த வருடம் பெல்லெக்ரினோ மலைக் குகைக் கோயிலுக்கு வெறுங்காலோடு ஏறி நேர்த்தி வைத்திருந்தார். மன்னாரிலிருந்து வந்த எங்கள் ஆட்கள் எந்தக் காரியத்துக்கும் அந்த மலையில்தான் ஏறுவார்கள். தவக்காலத்தில் நான் சொக்லேட்டை விடுவதுபோல இதுவும் ஒன்று என்று நினைத்திருந்தேன். எனக்கே முடிகிறதென்றால் அவ்வளவு பெரிய மனிதருக்கு என்ன கஷ்டம்?

“ஆசையாக் கூப்பிட்டவைக்கு முகத்திலை அடிச்ச மாதிரி மாட்டன் எண்டு சொல்லேலாது,” என்றார் அப்பா. “நான் சும்மா நிண்டிட்டு வாறன்.”

அம்மா என் பின்னலை வழக்கத்தைவிட இறுக்கமாகப் பின்னினார்.

தோட்டத்தில் ஒரு பழமாவது தொங்குமென்று தேடினேன். எல்லாவற்றையும் முன்பே பறித்து முடித்திருந்தார்கள். உள்ளே பீப்பாய்கள் அடுக்கிய அறையில் புளித்த வாசம். நீள மேசையில் கிளாசுகள், நடுவில் ஒரு வாளி. சிஞ்ஞோராவின் தம்பி கிளாசைச் சாய்த்துப் பார்த்தார், மணந்தார், ஒரு மிடறு எடுத்துக் கொப்பளித்தார், பிறகு குறி தவறாமல் வாளிக்குள் துப்பினார். நல்ல உடுப்புப் போட்ட பெரிய மனிதர்கள் ஒவ்வொருவராக வந்து அதையே செய்தார்கள். தெருவில் துப்பினாலே எனக்கு ஏச்சு விழும். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். சிஞ்ஞோராவிடம் கேட்டேன். பல வகைகளை ருசி பார்க்கும்போது தலை சுற்றாமல் இருக்கத்தான் இப்படி என்றார்.

இந்த அரிய செய்தியோடு அப்பாவிடம் ஓடினேன். அதற்குள் சிஞ்ஞோராவின் தம்பி அவர் தோளில் கைபோட்டு, கையில் ஒரு கிளாசைக் கொடுத்திருந்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அப்பா, விழுங்கத் தேவையில்லை. துப்பலாமாம்,” என்று கிசுகிசுத்தேன்.

அப்பா அம்மாவை ஒருதரம் பார்த்தார். ஒரு மிடறு வாயில் எடுத்தார்.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. விழுங்கினால் நேர்த்தி போய்விடும். துப்பலாம் என்றால், விருந்துக்குப் போன வீட்டில், கொடுத்தவரின் கண் முன்னாலேயே எப்படித் துப்புவது? எங்கள் ஆட்களில் யாருக்கும் அது வராது. அப்பா இரண்டு கன்னமும் உப்ப அசையாமல் நின்றார். எப்படி இருக்கிறது என்று சிஞ்ஞோராவின் தம்பி கேட்டார். பதில் சொல்ல அப்பாவுக்கு வாய் இல்லை. யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவின் கண்ணில் தண்ணீர் முட்டியது.

கூட வந்திருந்த சிஞ்ஞோராவின் தாய்க்குச் சால்வை போர்த்திக்கொண்டிருந்த அம்மா அதை அப்படியே விட்டுவிட்டு வந்தார். மேசையிலிருந்த வாளியை இரண்டு கைகளாலும் தூக்கி அப்பாவின் நாடிக்குக் கீழே பிடித்தார்.

“துப்புங்கோ.”

அப்பா துப்பினார். சிஞ்ஞோராவின் தம்பி கைதட்டி, நல்லாகப் பழகிவிட்டீர் என்று பாராட்டினார். வாளியை மேசையில் திரும்ப வைக்க அம்மாவுக்குச் சற்று நேரம் எடுத்தது.

திரும்பும்போது சிஞ்ஞோராவின் காரில், பின்சீற்றில் அம்மா அப்பாவின் கையைப் பிடித்தபடி வந்தார். பிறர் முன்னிலையில் அப்படிப் பிடிக்கிறவரில்லை. எனக்கு வேறு யோசனை. அடுத்த ஞாயிறு பூசையில் சுவாமியார் வைனை வாயில் எடுத்தபோது, அவருடைய வாளி எங்கே இருக்கிறதென்று எட்டி எட்டிப் பார்த்தேன். அவர் விழுங்கிவிட்டார். வைனைப் பற்றி அவருக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை என்று முடிவு செய்தேன்.

அப்பாவின் உப்பிய கன்னத்தைப் பார்த்து எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோது, வாளியைப் பிடித்திருந்த அம்மா மட்டும் அவருடைய தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். தொண்டையில் அப்படி என்னதான் இருக்கிறதென்று நானும் அண்ணாந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.