சருகுக்கு வந்த விருந்தாளி

போன புரட்டாசியில் ஒருநாள் காலை எங்கள் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. ஏதோ குளிர்தேசத்துச் சாலை. இரண்டு பக்கமும் செக்கச்செவேலென்று மரங்கள், கீழே இலைக் குவியல். 'இனிய இலையுதிர் காலம்' என்று மேலே எழுத்து. அனுப்பியவர் பக்கத்து வீட்டுக்காரர். அதே நேரத்தில் அவர் தன் வாசலில் வேப்பஞ்சருகைக் கூட்டி எரித்துக்கொண்டிருந்தார். புகை எங்கள் சமையலறைக்குள் வந்ததால் எனக்குத் தெரியும்.

எங்கள் நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் புரட்டாசியில் எந்த மரமும் சிவப்பதில்லை. பகலில் வெயில் மண்டையைப் பிளக்கும். சாயங்காலம் மேகம் கூடி ஆசை காட்டிவிட்டு மலைக்கு அந்தப் பக்கம் போய்ப் பெய்யும். எங்கள் கொல்லையில் நிற்கிற புங்கமரம் இலை கொட்டுவது மாசி, பங்குனியில். அதை நான் கூட்டுவதில்லை. அங்கேயே கிடந்து மக்கி, ஒரு மழை விழுந்ததும் அடியில் புழுவும் பூச்சியுமாக நெளியும். தெருவுக்கே இது பெரிய மனக்குறை.

"எம்புட்டு குப்பை மதினி! பாம்பு வந்து அடையப்போகுது பாருங்க" என்று பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் தலையை நீட்டிச் சொல்லாத வாரம் இல்லை. அவர் கொல்லை முழுக்க டைல்ஸ். நடுவில் ஒற்றைக்காலில் ஒரு சிமெண்ட் கொக்கு. கேட்டால், 'பறவைன்னா எனக்கு உயிரு' என்பார்.

நான் சருகை விட்டுவைத்தது ஆறுமணிக்குருவிக்காக. வடக்கே எங்கிருந்தோ பறந்து புரட்டாசி கடைசியில் எங்கள் புங்கமரத்தடிக்கு வந்து சேரும். காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் சீழ்க்கை அடிக்கும், அதனால் அந்தப் பெயர். பச்சை முதுகு, சிறகில் ஒரு துண்டு நீலம், அடிவயிற்றில் சிவப்பு, பேருக்கு ஒரு வால். இத்தனை சிங்காரத்தோடு வந்து குப்பையைத்தான் கிளறும். அலகால் ஓர் இலையைப் புரட்டும், நிற்கும், தத்தி அடுத்த இலைக்குப் போகும். சித்திரைவரை இருக்கும். பிள்ளைகள் வேலைக்கென்று வெளியூர் போனபிறகு, வருடா வருடம் நான் வழிபார்த்துக் காத்திருக்கிற வரவு அது ஒன்றுதான்.

போன வருடமும் வந்தது. அந்தமுறை பக்கத்து வீட்டுக்காரர் காதில் அதன் குரல் விழுந்துவிட்டது. மதிலுக்கு அப்பால் இருந்து போனில் பதிவு செய்தார்.

"எவன் வீட்டுக்கும் வராத குருவி மதினி. நம்ம வீட்டுக்கு வந்துருக்கு!"

நம்ம வீடாம். அன்று மாலையே குழுவில் அந்தக் குரலைப் போட்டு, பாராட்டுகளையும் வாங்கிக்கொண்டார். ஆயுத பூஜை விடுமுறையில் கேமரா நண்பர்கள் வருவார்கள் என்று அறிவிப்பு வேறு. மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று சத்தம் போடாமல் பார்த்தால் சரி என்றேன். அதற்குள் எழுமலையில் இருக்கிற என் அண்ணனுக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் வர, அங்கே போய்விட்டேன்.

ஆயுத பூஜையன்று மத்தியானம் திரும்பி வந்தேன். கொல்லையில் ஒரு சருகு இல்லை. தரை வழவழவென்று பெருக்கி, தண்ணீர் தெளித்து, கோலம் போட்டிருந்தது. புங்கமரத்துக்குச் சந்தனம், குங்குமம். மூலையில் சாம்பல் குவியல். கல்யாணம் ஆன நாளிலிருந்து விளக்குமாற்றைத் தொடாத என் வீட்டுக்காரர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்கும் பொட்டு வைத்திருந்தது.

"குருவி பாக்க வர்றவங்க குப்பையப் பாத்தா நம்மளப் பத்தி என்ன நெனப்பாங்க? அதான் நானும் அண்ணனும் சேந்து சுத்தம் பண்ணிட்டோம்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"குருவி அந்தக் குப்பைக்குத்தான் தம்பி வந்துச்சு."

அவர் சிரித்தார். "எம்புட்டு தமாஷா பேசுறீங்க மதினி!"

நண்பர்கள் வந்தார்கள். கை நீளத்துக்கு லென்ஸ். காத்திருந்தார்கள். போனில் பதிவு செய்த குரலைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். கடைசியில் பொரியும் சுண்டலும் சாப்பிட்டு, சிமெண்ட் கொக்கோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

"பக்கத்துல எங்கயாச்சும் போயிருக்கும். நாளைக்கு வந்துரும்" என்றார் என் வீட்டுக்காரர். நான் தெருமுனையில் கூட்டிக் குவித்திருந்த சருகைச் சாக்கில் அள்ளிவந்து மரத்தடியில் பரப்பினேன். எல்லாம் காய்ந்த இலை. அதில் ஒரு புழு கிடையாது. ஐப்பசி மழையில் பாதி அடித்துக்கொண்டு போனது. தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து கிளறிப் பார்த்துவிட்டு, சண்டை போட்டுக்கொண்டே போய்விட்டன.

கார்த்திகையில் ஒரு மாலை. காப்பிக்குப் பால் வைத்திருந்தேன். கொல்லைப்பக்கம் இரண்டு சீழ்க்கை. அடுப்பை அப்படியே விட்டுவிட்டுச் செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். மரத்தடியில் ஒன்றுமில்லை. மறுபடியும் அதே இரண்டு சீழ்க்கை, மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து. எட்டிப் பார்த்தேன்.

பக்கத்து வீட்டுக்காரர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, "சொல்லுங்க சார்" என்றார். என்னைப் பார்த்ததும் போனைக் கையால் பொத்திக்கொண்டார்.

"எப்புடி மதினி ரிங்டோன்? அச்சு அசலா இருக்குல்ல?"

அச்சு அசலாகத்தான் இருந்தது. உள்ளே பால் பொங்கி அடுப்பில் வழிந்துகொண்டிருந்தது.