நாற்பத்தொன்றாவது கேள்வி

அற்புதமேரி டீச்சர் முப்பத்திரண்டு வருஷம் மிஷன் பள்ளியில் ஆங்கில இலக்கணம் நடத்தி ஓய்வு பெற்றபோது, இனிமேல் செயப்பாட்டு வினைக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்றுதான் நினைத்தார். மதுரை பழங்காநத்தத்தில் வீட்டு வாசலில் 'மொழிபெயர்ப்பாளர்' என்று போர்டு மாட்டியதும் வந்து குவிந்த கோர்ட்டுத் தாள்கள் எல்லாம் செயப்பாட்டு வினையில்தான் இருந்தன. தொகை பெறப்பட்டது. பெட்டி ஒப்படைக்கப்பட்டது. பெற்றது யார், ஒப்படைத்தது யார் என்று மட்டும் எதிலும் இருக்காது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு பெரிய கட்டு வந்தது. ஐரோப்பாவில் ஒரு சின்ன நாடு. அங்கே பம்பு தயாரிக்கும் கம்பெனி ஒன்று, மதுரைப் பக்கத்துக் குடிநீர்த் திட்டத்துக்கு மோட்டார் விற்க, ஜெயபாண்டி என்ற இன்ஜினீயருக்கு லஞ்சம் கொடுத்ததாக அந்த நாட்டில் வழக்கு. சாட்சி, ஜெயபாண்டிக்குக் கார் ஓட்டிய வண்டியூர் நல்லகாமன். ஆனால் வேற்று நாட்டுப் போலீஸ் நம் மண்ணில் நம் ஆளிடம் கேள்வி கேட்க முடியாது. அவர்கள் எழுதி அனுப்புவதை நம் போலீஸ்தான் கேட்க வேண்டும். அப்படி எழுதிய நாற்பத்தொரு கேள்விகள் டெல்லிக்கு வந்து, சென்னைக்கு வந்து, மதுரையைத் தொடப் பதினாறு மாதம் ஆனது.

விசாரணை அன்று மதுரை போலீஸ் அலுவலகத்தில் மொழிபெயர்க்க டீச்சர் உட்கார்ந்திருந்தார். அந்த நாட்டுப் போலீஸ் அதிகாரி மார்க்குஸும் வந்திருந்தார்.

"அவர் உட்காரலாம் டீச்சர், வாயைத் திறக்கக் கூடாது" என்றார் இன்ஸ்பெக்டர் கனகலட்சுமி. "நம்ம ஊருக்கு அவர் விருந்தாளி. போலீஸ் இல்ல."

டீச்சர் இதை மரியாதையாக ஆங்கிலத்தில் சொன்னார். விருந்தாளி தலையாட்டினார்.

பதினாறாவது கேள்வி வரை எல்லாம் ஒழுங்காகப் போனது. பதினேழாவதைக் கனகலட்சுமி கேட்டார்.

"பெட்டியை வண்டியில ஏத்துனது யாரு?"

"எந்தப் பெட்டிங்கம்மா? மொதப் பெட்டியா, ரெண்டாவதா?" என்றார் நல்லகாமன்.

டீச்சர் மொழிபெயர்த்ததும் மார்க்குஸ் பாதி எழுந்துவிட்டார். கேள்விப் பட்டியலில் ஒரே ஒரு பணப்பெட்டிதான் இருந்தது. கனகலட்சுமி கண்ணாலேயே அவரை உட்கார வைத்துவிட்டு, "மொதப் பெட்டி" என்று முடித்து, பதினெட்டுக்குப் போனார்.

டீ இடைவேளையில் மார்க்குஸ் டீச்சரிடம் வந்தார். இரண்டாவது பெட்டியைப் பற்றிக் கேட்க எத்தனை நாளாகும்?

"புதுசா கடிதம் போடணும். இன்னொரு பதினாறு மாசம்" என்றார் பக்கத்தில் நின்ற கனகலட்சுமி. "கேக்கணும்னு எனக்கும்தான் நாக்கு துடிக்குது டீச்சர். ஆனா டெல்லி அனுமதிச்சது இந்த நாப்பத்தொண்ணுதான். ஒண்ணு கூடுனாலும் இன்ஜினீயரோட வக்கீல் மொத்தமும் செல்லாதும்பார்."

வராந்தாவில் நின்ற நல்லகாமன், "டீச்சர், நான் எதும் தப்பாச் சொல்லிட்டேனா?" என்றார். சாட்சியிடம் பேச டீச்சருக்கு அனுமதியில்லை. பதில் சொல்லாமல் திரும்பிக்கொண்டது அவருக்கே என்னவோ போலிருந்தது.

உள்ளே வந்து, எழுத்தர் டைப் அடித்து வைத்திருந்த தாள்களைப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் நாற்பத்தொன்று: 'வேறு ஏதேனும் கூற விரும்புகிறீர்களா?' கீழே பதில், 'இல்லை.'

"இன்னும் கேக்கவே இல்லையே, பதில் எப்படி வந்துச்சு?"

"எல்லா வாக்குமூலத்துலயும் அப்படித்தான் டீச்சர். முன்னாடியே அடிச்சு வச்சிருவோம்" என்றார் எழுத்தர்.

"கேக்காத கேள்விக்கு வந்த பதிலை நான் மொழிபெயர்க்க மாட்டேன். கையெழுத்தும் போட மாட்டேன்."

முப்பத்திரண்டு வருஷம், கேள்வியைப் படிக்காமல் பதில் எழுதிய பிள்ளைகளை அதட்டிய குரல் அது. எழுத்தர் எழுந்தே நின்றுவிட்டார். கனகலட்சுமி தாளைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். பிறகு மெல்லச் சிரித்து, "இதுவும் டெல்லி அனுமதிச்ச கேள்விதானே" என்று 'இல்லை'யை நீக்கச் சொன்னார்.

மற்ற கேள்விகள் முடிந்ததும், நாற்பத்தொன்றை ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டார்.

"இருக்குங்கம்மா. அம்புட்டு இருக்கு. மூணு வருஷமா யாராச்சும் கேப்பாகன்னு பாத்துக்கிட்டே இருக்கேன்."

நல்லகாமன் இரண்டு மணி நேரம் பேசினார். முதல் பெட்டி இன்ஜினீயர் வீட்டுக்குப் போனது. இரண்டாவது, அழகர்கோவில் ரோட்டில் ஒரு தோப்பு வீட்டுக்கு. அங்கே அதை வாங்கிக்கொண்டவர் உள்ளூர்க்காரர் இல்லை. பம்புக் கம்பெனியிலிருந்து வந்த மேனேஜர். கொடுத்த லஞ்சத்தில் தன் பங்கைத் திருப்பி வாங்கிக்கொண்டிருக்கிறார்.

இதை மொழிபெயர்த்தபோது டீச்சர் மார்க்குஸின் முகத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றார், முடியவில்லை. காது வரைக்கும் சிவந்திருந்தது. ஊழல் வெயிலடிக்கும் நாடுகளில் மட்டும் விளைவது என்று நினைத்து வந்தாரோ என்னவோ.

மேனேஜருக்கு அவர் நாட்டில் நான்கு வருஷம் சிறை. ஜெயபாண்டி மீது இங்கே போட்ட வழக்கு ஆறாவது முறையாகத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. நல்லகாமனை அதன்பிறகு எந்த அதிகாரியும் டிரைவராக வைத்துக்கொள்ளவில்லை. இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார்.

அந்த நாட்டுப் போலீஸ் டீச்சருக்கு ஒரு நன்றிக் கடிதம் அனுப்பியது. நேரடியாக அனுப்பக் கூடாதே. அது டெல்லி, சென்னை என்று முறைப்படி சுற்றி மதுரை போலீஸ் அலுவலகத்துக்கு வந்தது. கோப்பில் சேர்க்கத் தமிழ்ப் பிரதி வேண்டும் என்று அவர்கள் அதை மொழிபெயர்ப்பாளருக்கு அனுப்பினார்கள்.

டீச்சர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தன்னைப் பற்றிய புகழ்ச்சியைச் சொல் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் எழுதினார். பெயரைத் 'திரு. அற்புதராஜ்' என்று போட்டிருந்தார்கள். மூலத்தைத் திருத்த மொழிபெயர்ப்பாளருக்கு அதிகாரமில்லை. 'மூலத்தில் உள்ளபடி' என்று ஓரத்தில் குறித்துக் கையெழுத்துப் போட்டார்.