ஒன்பதாவது வரியில் என் பிழை

1991-ல் ஒரகடம் பட்டறை ஒன்றில், கடைசல் மெஷினுக்கான கட்டளைகளைக் கம்ப்யூட்டரில் அடிப்பது என் வேலை. எட்டாவதுதான் படித்தவன். ஒருநாள் திரையில் ‘எர்ரர்’ என்று மட்டும் வந்தது. எங்கே தப்பு என்று சொல்லவில்லை. வேலை போய்விடும் என்று பயந்து, கம்ப்யூட்டர்தான் பழுது என்று முதலாளியிடம் பொய் சொல்லிவிட்டேன்.

பார்க்க வந்த இன்ஜினீயர் பெண் உடனே கண்டுபிடித்துவிட்டார். “ஒம்போதாவது வரில அளவு போடலண்ணே.”

“என் தப்புதாம்மா. பெருமாள் சத்தியமா பயந்துட்டேன்.”

“எங்க தப்புன்னு இந்தக் கம்ப்யூட்டர்தானே சொல்லியிருக்கணும்? யார் வேணா மாத்தலாம்னு இலவசமா குடுத்த புரோகிராம் இது, நாமளே திருத்திக்கலாம். தப்பு வந்தா இது இன்னா சொல்லணும், சொல்லுங்க.”

“எந்த வரின்னு சொல்லட்டும்மா. திட்டாம சொல்லட்டும்.”

சிரித்துக்கொண்டே ஆங்கில எழுத்தில் தமிழாகவே அடித்தார். என் கட்டளைகளைத் திருத்தாமல் அப்படியே மறுபடி ஓட்டியதும் திரை சொன்னது: ‘ஒன்பதாவது வரியில் அளவு இல்லை. போட்டுட்டு மறுபடி பாருங்கண்ணே.’

அன்றே முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். வேலை போகாமல் தப்பியது பெருமாள் கருணை. அண்ணே என்று கூப்பிட்ட கம்ப்யூட்டர்மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை.