சாமைச் சோற்றில் சிவப்பு

மூன்று வருடங்களுக்கு முன்பு ஓர் ஐப்பசி அடைமழையில் நடந்தது இது. கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் முதலாமாண்டுப் பெண்களுக்கு நுண்ணுயிரியல் நடத்திக்கொண்டிருந்தேன். இப்போதும் அதே வேலைதான், அதே வாய்தான்.

கிருமிகளின் வரலாற்றுப் பாடம் வந்தால் ஒரு கதை சொல்வேன். கிருமி என்று ஒன்று இருப்பதே ஜனங்களுக்குத் தெரியாத காலத்தில், இத்தாலியில் ஒரு ஊரில் மக்காச்சோளக் களியில் ரத்தம் கசிந்ததாம். சாபம், பிசாசு என்று ஊரே அலறியது. ஒரே ஒருவர் அந்தச் சிவப்பில் துளி எடுத்து வேறு நல்ல களியில் தடவி வைத்தார். அதுவும் சிவந்தது. "பேயாக இருந்தால் தடவி வளர்க்க முடியுமா?" என்று கேட்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்த வருடம் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் அவள் லேபுக்கு வந்து, மூன்று பிளாஸ்டிக் பையில் சுற்றிய டிபன் பாக்ஸை மேஜைமேல் வைத்தாள். சங்கராபுரம் பக்கத்துப் பெண். கரியாலூரைத் தாண்டி இருக்கும் ஒரு மலை ஊர்ப் பையனைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டு, தினமும் மலையிலிருந்து பஸ்ஸில் வந்து படிப்பவள்.

"மேடம், இது ரத்தமான்னு பாத்துச் சொல்லுங்க. ரத்தம்னா நான் வூட்ட வுட்டுப் போய்டணுமாம்" என்றாள்.

திறந்தேன். உள்ளே வெள்ளைச் சாமைச் சோறு. அதன்மேல் சொட்டுச் சொட்டாக, அப்போதுதான் யாரோ விரலை அறுத்துக்கொண்டு மேலே நீட்டிய மாதிரி, ஈரச் சிவப்பு. இத்தனை வருடம் இந்தக் கதையைச் சொன்னவள்தான் நான். ஆனாலும் கண்ணால் பார்த்தபோது மூடியைப் பாதி மூடிவிட்டேன்.

விஷயம் இதுதான். அவள் மாமனார் இறந்து ஒரு வருடம். அமாவாசைக்கு அமாவாசை சாமைச் சோறு வடித்து, மூலையில் அவர் பெயருக்கு வைத்து, அவருடைய துண்டாலேயே மூடிவிடுவார்கள். மறுநாள் பொழுது சாயும்போதுதான் திறப்பார்கள். இந்த அமாவாசைக்குச் சமைத்தது மருமகள். திறந்தால் சோறெல்லாம் ரத்தம். தீட்டோடு அடுப்பைத் தொட்டுவிட்டாள், அதனால்தான் பெரியவர் கோபம் கொண்டார் என்று மாமியார் முடிவு கட்டிவிட்டார். திருப்பூரில் வேலை செய்யும் கணவன் ஞாயிற்றுக்கிழமை வருகிறான். அவள் அப்பா அம்மாவையும் வரச்சொல்லி, அன்றே கையோடு அனுப்பிவிடுவதாக ஏற்பாடு.

ஒரு துளியை ஸ்லைடில் தேய்த்து, சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ரத்தமாக இருந்தால் வட்ட வட்டமாகச் செல்கள் தெரிய வேண்டும். ஒன்றுகூட இல்லை. லென்ஸில் தெரிந்த பரப்பு முழுக்கக் குட்டிக் குட்டிக் குச்சிகள், ஆயிரக்கணக்கில். "ரத்தம் இல்லடி, கிருமி" என்றேன். அவளையும் பார்க்க வைத்தேன். பார்த்துவிட்டு அழுதாள்.

"இத நான் போய்ச் சொன்னா யாரு மேடம் நம்புவாங்க?"

எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. "நானே வரேன்" என்றேன்.

சனிக்கிழமை மதியம் அவர்கள் வீட்டில் இருந்தேன். மலையே மேகத்துக்குள் கிடந்தது. முற்றத்து எலுமிச்சை மரம்கூடத் தெரியவில்லை. வீட்டுக்குள் பகலிலேயே விளக்கு எரிந்தது. மாமியார் ஒல்லியான பெண்மணி, அதிகம் பேசாதவர். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "செய்யிங்க டீச்சரம்மா" என்று மட்டும் சொன்னார்.

அவரையே சாமை வடிக்கச் சொன்னேன். கொதித்த நீரில் அலசிய இரண்டு கிண்ணங்களில் சோற்றைப் போட்டேன். ஒன்றில் டிபன் பாக்ஸ் சிவப்பை ஊசி முனையால் தொட்டு வைத்துத் தட்டால் மூடினேன். இன்னொன்றைத் தொடவே இல்லை. நாளைக்கு முதல் கிண்ணம் மட்டும் சிவக்கும், தொடாதது வெள்ளையாக இருக்கும், கதை முடிந்தது என்று கணக்குப் போட்டேன். அதற்கும் தட்டு போடப் போனபோது மாமியார் தடுத்தார்.

"அவருக்கு வச்ச மூலைங்க இது. அவரு துண்டு போடாம எதுவும் வக்கறதில்ல" என்று சொல்லி, ஒரு பானைக்குள்ளிருந்து துண்டை எடுத்துப் போர்த்தினார். சரி, துண்டுதானே என்று விட்டுவிட்டேன்.

அன்றிரவு அங்கேயே தங்கினேன். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். பெண்ணின் பெற்றோர் வந்து வாசலிலேயே நின்றார்கள். கணவன் சுவரில் சாய்ந்திருந்தான். முதல் கிண்ணத்தைத் திறந்தேன். நான் தொட்ட இடத்தில் சிவப்பு பூத்திருந்தது. "பாத்தீங்களா!" என்று ஜம்பமாகச் சொல்லிக்கொண்டே இரண்டாவதன் துண்டை எடுத்தேன்.

அதிலும் ரத்தம்.

ஐயோ, நான் தொடவே இல்லையே! சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் படித்த படிப்பெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. மேகம் வாசல் வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. சுவரிலிருந்த பெரியவரின் படத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"நீங்க தொடாததுலயும் வந்துட்டாரு பாத்தீங்களா" என்றார் மாமியார். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. வாசலில் பெண்ணின் அம்மா மகளின் துணிப் பையைக் கையில் எடுத்துவிட்டார்.

அப்போது என் மாணவிதான் குனிந்து பார்த்தாள். "மேடம், நேத்து வடிச்சதுல மீதி சோத்துப் பானையிலயே கீது. அதையும் பாருங்களேன்" என்றாள்.

தட்டு போட்டு மூடியிருந்த மீதிச் சோறு. மாமியார் கையாலேயே வடித்தது. திறந்தால், லேசாகப் புளித்த வாடை, ஆனால் வெள்ளை வெளேர். ஒரு புள்ளி சிவப்பு இல்லை. மறுபடி கிண்ணத்தைப் பார்த்தேன். சிவப்பு எல்லா இடத்திலும் இல்லை. துண்டு தொய்ந்து சோற்றைத் தொட்ட இடத்தில் மட்டும், அதன் மடிப்பு விழுந்த கோட்டிலேயே வரிசையாக இருந்தது.

துண்டை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். ஓரத்தில் திட்டுத் திட்டாக வெளிர் ரோஜா நிறம்.

"இது இன்னா கறைங்க?" என்று கேட்டேன்.

மாமியார் துண்டின் ஓரத்தை விரலால் நீவினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அவரு வெத்தல போட்டுத் தொடச்ச கறைங்க. ஓடையில தொவைச்சா போய்டும். மடிச்சு வச்சிட்டு எடுத்தா மறுபடி வந்துகினு இருக்கும். யாருகிட்டயும் சொன்னதில்ல. அவரு இங்கதான் கீறாருன்னு நெனச்சிக்கினேன்."

வெயில் காலத்தில் காய்ந்துவிடும்; இந்த அடைமழையில் சரியாகக் காயாத துணி, பானைக்குள் மடித்து வைத்தது. கிருமி அதில் குடியிருந்து, கழுவக் கழுவத் திரும்பி வந்திருக்கிறது. விளக்கினேன். நீங்கள் வடித்த சோற்றிலும் வந்திருக்கிறதே, பிறகு மருமகள் மீது என்ன குற்றம் என்று கேட்டேன். துண்டைக் கொதிக்க வைத்து வெயிலில் காயவைத்தால் இனி வராது என்றும் சொன்னேன்.

"கொதிக்க வச்சா அப்பறம் வரவே மாட்டாரா?" என்று கேட்டார்.

கிருமியைப் பற்றிக் கேட்கவில்லை அவர். மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சொல்லக்கூடிய பதில் என்னிடம் நிறைய இருந்தது, இதற்கு இல்லை. மாட்டார் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

அவர் துண்டை முகத்தருகே கொண்டுபோக, "வேணாம்மா" என்று தடுத்தேன். அப்படியே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாசலில் நின்றவர்களைப் பார்த்தார். மூலையில் நின்றிருந்த மருமகளைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"இன்னா பாத்துகினு நிக்கற? அடுப்புல தண்ணி வையி. உங்க அம்மா அப்பாவ உள்ள கூப்புடு, மழையில நிக்கிறாங்க."

தண்ணீர் கொதித்தது. துண்டைத் தன் கையாலேயே உள்ளே போட்டார். வெளியே எடுத்தபோது வெள்ளையாக இருந்தது.

கீழே இறங்கும் பஸ்ஸில் கையை எத்தனை தடவை துடைத்தேனோ, தெரியாது. அந்தப் பெண் இப்போது படிப்பை முடித்து ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்கிறாள். கறை திரும்பி வரவே இல்லை என்று போன பொங்கலுக்குச் சொன்னாள். மாமியார் இன்னமும் சில நாள் துண்டை விரித்துத் தேடிப் பார்க்கிறாராம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று வகுப்பில் நான் இப்போது சிரிப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை நான் சொன்னதற்காக நம்பி, கண்ணுக்குத் தெரியாத இன்னொருவரை ஒரு பெண்ணுக்காகக் கொதிக்கிற தண்ணீரில் விட்டுக்கொடுத்தவரை நான் பார்த்திருக்கிறேன்.