ஒன்று விட்டு ஒன்று

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். எனக்கு நடந்ததைத்தான் எழுதுகிறேன். அதுவும் பட்டப்பகலில்.

மூட்டு மாற்று வார்டில் நான் டிரெஸ்ஸிங் நர்ஸ். ஆபரேஷன் முடிந்த முழங்காலை மூட எது நல்லது, உலோகப் பின்னா, தையலா, பசையா என்று எங்கள் டாக்டர் ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். பின் போட்டவர்களுக்குப் பதினான்காம் நாள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் நான் எடுக்க வேண்டும், எண்ணி எழுத வேண்டும். ஏற்கெனவே இரண்டு பேருக்கு, நான் போவதற்குள் பாதிப் பின்களை யாரோ எடுத்திருந்தார்கள். திட்டு மட்டும் எனக்கு.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேலைக்கே வராதீங்க" என்றார் டாக்டர். எரிச்சல் என்றால் அப்படி ஓர் எரிச்சல்.

மூன்றாவது ஆள் என் மாமியார்.

"பக்கத்து பெட்டுக்குப் பசை, எனக்கு மட்டும் இரும்பா? நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

பதினான்கு நாளாக இதே பாட்டு. சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்கிறார்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது.

மதியம் 2.10. மாமியாரை டிரெஸ்ஸிங் அறையில் படுக்கவைத்துக் கதவைத் தாழிட்டேன். முப்பத்திரண்டு பின்கள், எண்ணினேன், சரியாக இருந்தது. கை கழுவத் திரும்பினேன்.

டிக்...

பின் எடுக்கும் கருவியின் சத்தம்.

டிக்... டிக்... டிக்...

குழாயை மூடிவிட்டுத் திரும்பினேன். யாரும் இல்லை. மாமியார் கண்ணை மூடிப் படுத்திருந்தார். தட்டில் பதினாறு பின்கள். காலில் ஒன்று விட்டு ஒன்று காணோம். கருவியோ பிரிக்காத உறைக்குள்ளேயே...

"மீதி நாளைக்குன்னு சொன்னியே, சரிம்மா. ஆனா உன் கை ஏன் இப்படி ஜில்லுனு இருக்கு?"

நான் அப்படி எதுவும் சொல்லவே இல்லை.

பயத்தைவிட ஆத்திரம்தான் முந்தியது. என் வேலை போகப்போகிறது. உறையைக் கிழித்தேன். அடுத்த பின்னில் கருவியை வைத்தேன்.

என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது.

குளிர்ந்த கை.

விடவில்லை...

கருவி கீழே விழுந்தது. அப்புறம்தான் பிடி தளர்ந்தது. மணி 2.14.

மறுநாள் டாக்டர் காயத்தைப் பார்த்தார். முகம் வெளிறியது. பின் எடுத்த இடங்களில் தோல் சேரவே இல்லை.

"எல்லாத்தையும் எடுத்திருந்தா மொத்தமா பிளந்திருக்கும். பாதியை விடச் சொன்னது யாரு?"



வார்டுப் பொறுப்பில் இருந்த பெரிய சிஸ்டரிடம் மட்டும் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஏழு வருஷம் முன்னாடி. அதே ரூம். பேஷண்ட், ரிட்டயர் ஆன ஒரு நர்ஸ். 'இன்னிக்கு ஒண்ணு விட்டு ஒண்ணு எடும்மா, காயம் இன்னும் ஆறலை'ன்னாங்க. டாக்டர் சொன்னதைத்தான் கேப்பேன்னு எல்லாத்தையும் எடுத்தேன். பிரிஞ்சு, சீழ் பிடிச்சு, அதுலேர்ந்து ஒன்பதாம் நாள் போயிட்டாங்க."

தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டார்.

"கையைப் பிடிச்சுக் கெஞ்சினாங்க. நான்தான் உதறிட்டேன்."