விரல் நுழையாத கட்டு

நாலு வருடத்துக்கு முன், ஒரு தை மாதம். நாகர்கோவிலுக்குத் தெற்கே ஒரு கடலோர ஊரில் அரசு கால்நடை மருத்துவராக இருந்தேன். மாடும் ஆடும் பார்த்துப் பழகிய கை. குதிரையைப் புத்தகத்தில்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஆனால் அதை ஒப்புக்கொள்கிற ஆளா நான்!

கடற்கரையில் சுற்றுலாப் பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றிப் பிழைக்கும் ஒருவர், தன் பெண் குதிரை முன்னங்கால் வீங்கி நொண்டுகிறது என்று கூட்டிவந்தார். தசைநாரில் அடி. மருந்து கொடுத்து, பஞ்சு வைத்து, அசையவே கூடாது என்று கட்டுப் போட்டேன்.

"கொஞ்சம் இறுக்கமா இருக்கோ டாக்டரே?" என்றார்.

"நீங்க டாக்டரா, நான் டாக்டரா?" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன். மனிதர் குதிரையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார்.

மூன்றாம் நாள் கட்டை அவிழ்த்தேன். தோல் உரிந்து, நார் முன்னைவிட வீங்கி, குதிரை காலையே ஊன்றவில்லை. அடியைவிட என் கட்டுதான் கெடுத்திருந்தது. "அடி பெருசு" என்று சொன்னால் நம்பியிருப்பார். நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, என் தப்புதான் என்றேன்.

"நான் அன்னைக்கே சொன்னேம்லா..." என்று தரையைப் பார்த்தார். ஒரு தரகர் குதிரையைக் கேட்கிறாராம். நொண்டிக் குதிரையை அறுப்புக்குத்தான் வாங்குவார்கள் என்று இருவருக்கும் தெரியும்.

"விக்காதீங்க. ஐயப்ப சாமிமார் வர்ற கார்த்திகை சீசனுக்குள்ள இவளை நடக்க வைக்கிறேன்."

"வச்சிருவியளா?"

"வைப்பேன்."

எனக்குப் பாடம் எடுத்த பேராசிரியருக்குப் போன் செய்து, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு, வழி கேட்டேன். புண் ஆறியதும் தினமும் காலையில், ஆஸ்பத்திரி திறக்கும் முன், முழங்கால் அளவு கடல் தண்ணீரில் அவளோடு நின்றேன். பிறகு, கால் புதைந்து நாரை இழுக்கும் மணலைத் தவிர்த்து, தார் ரோட்டில், கடிகாரம் பார்த்து ஐந்து நிமிட நடை. வாரம் ஒருமுறை கொஞ்சம் கூட்டினோம். "டாக்டரே, மாட்ட விட்டுட்டுக் குதிரைக்கு வேலைக்குப் போயிட்டியளா?" என்று மீன் விற்கப் போகும் பெண்கள் கேலி செய்தார்கள். செய்யட்டும் என்று நடந்தேன்.

நாலாம் மாதம் நடை நேரானது. அந்தச் சந்தோஷத்தில் அவர் ஒரு காலை சவாரிச் சலங்கையை அவள் கழுத்தில் கட்டிவிட்டார். சலங்கை ஒலித்தால் வேலை நேரம் என்பது அவளுக்குப் பழக்கம். ரோட்டைவிட்டுத் திரும்பி மணலில் பாய்ந்து ஓடினாள். பிடித்து நிறுத்துவதற்குள் கால் மறுபடி சூடாகி வீங்கிவிட்டது.

"ஏசணும்னா ஏசிருங்க டாக்டரே" என்று அழுதார்.

ஏச வாய் வரத்தான் செய்தது. என் கட்டு நினைவுக்கு வந்தது. "நாளைக்கு திரும்ப கடல்ல இருந்து ஆரம்பிப்போம்" என்றேன்.

கார்த்திகையில் முதல் சவாரி. ஒரு சின்னப் பெண்ணை ஏற்றிக்கொண்டு நடந்தாள். முன்னங்காலில் வலி இருக்கும் குதிரை அடிக்கு அடி தலையை ஆட்டும். அவள் ஆட்டவில்லை. நான் கடலைப் பார்ப்பதுபோல் திரும்பி நின்று அழுதேன்.

இப்போது எங்கெங்கிருந்தோ காலில் அடிபட்ட குதிரைகள் என்னைத் தேடி வருகின்றன. கட்டுப் போட்டதும் வளர்ப்பவரையே விரலை உள்ளே நுழைத்துப் பார்க்கச் சொல்கிறேன். அவரிடமிருந்து "இறுக்கமா இருக்கோ?" என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால், மறுபேச்சில்லாமல் அவிழ்த்து மறுபடி கட்டுகிறேன்.